‘விபத்து’ எங்கிருந்து வந்தது? – வாசகர் கேள்வி பதில்

எதிர்பாராமல் நடப்பவற்றைக் குறிக்கும் சொற்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

கேள்வி: செய்தித்தாளில் தினமும் படிக்கும் ‘விபத்து’ தமிழ்ச் சொல்தானா? அதன் வேர்ப்பொருள் என்ன?

பதில்: வடமொழிச் சொல். அதன் வேர் ‘பத்’. விழுதல், செல்லுதல், போய்ச் சேர்தல் என்பன அந்த வேரின் பொருள்கள். ‘பாதம்’ என்று சொல்லும்போது நடுவில் ஒலிக்கும் மெல்லிய தகரம்தான் இந்த வேரின் கடைசியிலும் இருக்கிறது. பாதமும் இதே குடும்பம்தான். வேருக்கு முன்னால் நிற்கும் ‘வி’ விலகலையும் பிறழ்வையும் காட்டும். ஆகவே ‘விபத்’ என்றால் வழி பிறழ்ந்து விழுதல். கேடு, அழிவு, சாவு என்ற பொருள்களெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

முன்னொட்டை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘ஆ’ சேர்ந்தால் ஆபத்து: நம்மேல் வந்து விழுவது. ‘சம்’ சேர்ந்தால் சம்பத்து: வந்து சேர்ந்தது, அதாவது செல்வம். சம்பாதிப்பதும் சம்பாத்தியமும் அதன் வழியில் வந்தவையே. ‘உத்’ சேர்ந்தால் உற்பத்தி: மேலெழுந்து தோன்றுவது. விபத்தும் சம்பாத்தியமும் உற்பத்தியும் ஒரே வேரில் பிறந்தவை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். எல்லாம் முன்னொட்டின் வேலை.

கடைசியில் உள்ள ‘து’ தமிழ் சேர்த்த ஒட்டு. தமிழில் எந்தச் சொல்லும் வல்லின மெய்யில் முடியாது. அப்படி முடியும் சொல் வெளியிலிருந்து வந்தால், கடைசி மெய்யை இரட்டித்து ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவோம். ‘சத்’ என்பது சத்து ஆனதும், ‘ஜகத்’ சகத்து ஆனதும், ‘செக்’ செக்கு ஆனதும், ‘டிக்கெட்’ பேச்சில் டிக்கெட்டு ஆவதும் இந்த ஒரே விதியால்தான்.

பொருளில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. வடமொழியில் ‘விபத்’ என்பது துன்ப நிலை. ஒருவருக்கு வந்த கெட்ட காலம் முழுவதையும் அது குறிக்கும். இன்றைய தமிழில் அது ஒரு குறிப்பிட்ட நேரத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் நடந்த ஒற்றை நிகழ்ச்சி. அதனால்தான் ‘நேற்று இரவு 10 மணிக்கு விபத்து’ என்று நாம் நேரம் குறித்து எழுத முடிகிறது. தெலுங்கில் ‘விபத்து’ என்றால் இன்றும் பேரிடர்தான். சாலையில் வண்டிகள் மோதிக்கொள்வதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் வேறு. அதைப் பற்றிய கேள்வி கீழே வருகிறது.

கேள்வி: ஆபத்து, அபாயம், விபத்து. மூன்றும் ஒன்றுதானே? எதை எங்கே போடுவது?

பதில்: ஒன்றில்லை. விபத்து நடந்து முடிந்தது. ஆபத்தும் அபாயமும் இன்னும் நடக்காதவை, நடக்கக்கூடியவை. மின்கம்பத்தின் பலகையில் ‘அபாயம்’ என்றிருக்கலாம், ‘விபத்து’ என்றிருக்க முடியாது. ‘விபத்துப் பகுதி’ என்ற சாலைப் பலகையும் அங்கே ஏற்கெனவே விபத்துகள் நடந்திருக்கின்றன என்பதைத்தான் சொல்கிறது.

ஆபத்துக்கும் அபாயத்துக்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. ஆபத்து ஒருவரைச் சூழ்வது: ‘அவர் ஆபத்தில் இருக்கிறார்’, ‘ஆபத்துக்கு உதவினார்’. அபாயம் ஓர் இடத்திலோ பொருளிலோ செயலிலோ இருப்பது: ‘அபாயகரமான வளைவு’, ‘அபாய அளவைத் தாண்டிய வெள்ளம்’. ‘அவர் அபாயத்தில் இருக்கிறார்’ என்பது பிழை இல்லை, ஆனால் காதில் கொஞ்சம் இடறும்.

அபாயத்தின் வேரும் வேறு. ‘அப’ என்பது அகலுதல். அதோடு செல்லுதலைக் குறிக்கும் வேர் சேர்ந்தது. அகன்று போவது, இழப்பு என்பது முதற்பொருள். அதே வேரோடு ‘உப’ சேர்ந்தால் உபாயம்: கிட்டே கொண்டுசேர்ப்பது, வழி. அபாயமும் உபாயமும் எதுகைக்காகச் சேர்த்த சோடி என்றுதான் தோன்றும். உண்மையில் உடன்பிறந்தவை.

கேள்வி: தெலுங்குச் செய்திகளில் சாலை விபத்தை ‘பிரமாதம்’ என்கிறார்களே! நமக்கு அது பாராட்டுச் சொல் அல்லவா?

பதில்: சொல் ஒன்றுதான். வடமொழியில் ‘பிரமாத’ என்றால் கவனக்குறைவு, தவறு. தெலுங்கு அதை விபத்துக்கும் ஆபத்துக்கும் வைத்துக்கொண்டது. விளைவின் பெயராகக் காரணத்தின் பெயரையே சூட்டிய நல்ல சொல்லாட்சி அது. தமிழில் இந்தச் சொல் அளவு மீறியது, பெரியது என்ற பொருளுக்கு நகர்ந்து, அங்கிருந்து ‘மிகச் சிறப்பானது’ என்ற இடத்துக்கு வந்து நின்றது. நடுவில் இருந்த ‘பெரிது’ என்ற பொருள் இன்னும் அழியவில்லை: ‘அது ஒன்றும் பிரமாதமான காரியமில்லை’ என்கிறோமே, அதில் இருப்பது பாராட்டு இல்லை, அளவுதான்.

விபத்துக்குக் கன்னடத்தில் ‘அபகாதம்’, மலையாளத்தில் ‘அபகடம்’. இவற்றை மொழிபெயர்ப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் தெலுங்குதான். தெலுங்கு ‘விபத்து’ தமிழில் பேரிடர், தெலுங்கு ‘பிரமாதம்’ தமிழில் விபத்து.

கேள்வி: ‘படு’ என்ற தமிழ் வினையிலிருந்துதான் ‘விபத்து’ வந்தது என்று ஒரு நண்பர் வாதிடுகிறார். சரியா?

பதில்: சரியில்லை. ஆனால் அவர் கண்ட ஒற்றுமை பொய்யில்லை. தமிழ்ப் ‘படு’வுக்கும் விழுதல் என்ற பொருள் உண்டு. ஞாயிறு பட்டது என்றால் மறைந்தது, கீழே விழுந்தது. அதிலிருந்து நிகழ்தல் என்ற பொருளும் வந்தது: ஏற்படு, அகப்படு, தென்படு, துன்பப்படு. இடர்ப்பாடு, இழப்பீடு கேட்பவர் ‘பட்ட பாடு’ எல்லாம் அந்த வழிதான். மேலே விழுந்ததைத்தான் ‘பட்டேன்’ என்கிறோம்.

ஆங்கிலத்தின் ‘ஆக்சிடென்ட்’ லத்தீனில் ‘விழு’ என்னும் வினையிலிருந்து வந்தது. ‘சான்ஸ்’, ‘கேஷுவல்’ இரண்டும் அந்த வினையின் வழித்தோன்றல்களே. தமிழ், வடமொழி, லத்தீன் மூன்றிலும் எதிர்பாராத நிகழ்ச்சிக்கு ‘விழுதல்’ என்ற உருவகம் கிடைத்திருக்கிறது. லத்தீனும் வடமொழியும் ஒரே மொழிக்குடும்பம். ஆனாலும் அந்த இரண்டு வினைகளுமே வெவ்வேறு வேர்கள். மனித மனம் ஒரே போலச் சிந்தித்ததை ஒரே வேர் என்று எடுத்துக்கொள்வதுதான் சொல்லாராய்ச்சியில் அடிக்கடி நடக்கும் தவறு. ‘விபத்து’வில் ‘படு’வைத் தேடினால், முன்னால் நிற்கும் ‘வி’யை விளக்க முடியாது, ஆபத்து, சம்பத்து, உற்பத்தி ஆகியவற்றையும் விளக்க முடியாது. ஒரு விளக்கம் சரியா என்று பார்க்க, சொல்லின் உறவினர்கள் எல்லோரையும் அது சேர்த்து விளக்குகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ‘தற்செயல்’ என்றால் ‘தன் செயல்’ என்றுதானே பொருள்? தானே செய்தது எப்படி ‘யாரும் திட்டமிடாதது’ ஆனது?

பதில்: அருமையான கேள்வி. பிரித்தால் தன் + செயல்தான். தற்காப்பு, தற்கொலை, தற்பெருமை போல னகரம் றகரமாகியிருக்கிறது. தற்கொலையில் ‘தன்’ என்பது ஆள். தற்செயலில் ‘தன்’ என்பது அந்த நிகழ்ச்சி. யாரும் செய்யாமல் அது தானாகவே தன்னைச் செய்துகொண்டது என்பது கருத்து. ‘கதவு தானாகத் திறந்தது’ என்பதில் உள்ள ‘தானாக’தான் இங்கே ‘தற்’.

இலக்கணத்தில் ஒரு சுவையான இடம் உண்டு. ‘தன்’, ‘என்’ ஆகியவற்றின் ஈற்று னகரம் வல்லினம் வரும்போது ‘வன்மையோடு உறழும்’ என்கிறது நன்னூல். றகரமாக மாறினாலும் சரி, மாறாமல் நின்றாலும் சரி என்பது அதன் பொருள். அதாவது தன்செயல், தற்செயல் இரண்டுமே இலக்கணப்படி சரி. இலக்கணம் கொடுத்த இந்த இரண்டு வடிவங்களையும் வழக்கு வீணாக்கவில்லை. ‘தன் செயலுக்கு வருந்தினான்’ என்றால் அவன் செய்தது. ‘தற்செயலாக நடந்தது’ என்றால் யாரும் செய்யாதது. எதிரெதிர்ப் பொருள்களை ஒரே ஓர் எழுத்து தாங்கி நிற்கிறது. ஆகவே பிழைதிருத்துபவர்கள் ‘தன்செயல்’ என்று கண்ட இடமெல்லாம் ‘தற்செயல்’ என்று மாற்றிவிடக் கூடாது.

அலுவலகங்களில் ‘தற்செயல் விடுப்பு’ என்கிறார்கள். ஆங்கிலக் ‘கேஷுவல் லீவ்’ என்பதன் தமிழ் வடிவம். முன்கூட்டித் தெரியாத தேவைக்கு எடுப்பது என்பதால் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

கேள்வி: ‘எதேச்சையாகச் சந்தித்தேன்’, ‘யதார்த்தமாகச் சந்தித்தேன்’, ‘அகஸ்மாத்தாகச் சந்தித்தேன்’. எது சரி?

பதில்: மூன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பொருள் குழம்பிக் கிடப்பது முதல் இரண்டில்தான்.

முதலில் எதேச்சை. வடமொழியில் ஒலியால் நெருங்கிய இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று, யதா + இச்சா, சேர்ந்தால் ‘யதேச்சா’: விருப்பப்படி, மனம்போல. எதேச்சாதிகாரம் என்பது இதிலிருந்து வந்தது. தன் விருப்பம்போலச் செலுத்தும் அதிகாரம் என்று பொருள். மற்றொன்று ‘யத்ருச்சா’: தற்செயல், தானாக வாய்த்தது. உலகத்துக்குக் காரணம் எது என்று கேட்கும் சுவேதாசுவதர உபநிடதம் காலம், இயல்பு, விதி ஆகியவற்றோடு இந்த யத்ருச்சாவையும் ஒரு காரணமாக அடுக்குகிறது. கீதையில் ‘தானாகக் கிடைத்ததில் நிறைவு கொள்பவன்’ என்று வரும் இடத்திலும் இந்தச் சொல்தான்.

‘எதேச்சையாகச் சந்தித்தேன்’ என்பதில் நமக்கு வேண்டிய பொருள் இரண்டாவது சொல்லினுடையது. வாயில் வரும் வடிவமோ முதல் சொல்லினுடையது. ஒலி நெருக்கத்தால் ஒன்றன் பொருள் மற்றதில் ஏறிக்கொண்டது என்பதே பொருந்தும் விளக்கம். இப்போது எதேச்சைக்குத் ‘தற்செயல்’ என்ற பொருள் ஊன்றிவிட்டது. அதைப் பிழை என்று அடிக்க வேண்டியதில்லை. ‘எதேச்சையாக முடிவெடுத்தார்’ என்று மட்டும் எழுதாதீர்கள். தன் விருப்பப்படி எடுத்தாரா, தற்செயலாக எடுத்தாரா என்று படிப்பவருக்கு விளங்காது.

யதார்த்தம் என்பது யதா + அர்த்தம்: பொருள் உள்ளபடி, உண்மை நிலை. பேச்சில் ‘எதார்த்தமா அந்தப் பக்கம் போனேன்’ என்றால், உள்நோக்கம் எதுவும் இல்லாமல் இயல்பாகப் போனேன் என்று பொருள். உள்ளதை உள்ளபடி என்பதிலிருந்து கள்ளமில்லாமல், அதிலிருந்து திட்டமில்லாமல் என்று பொருள் படிப்படியாக நகர்ந்திருக்கிறது. பேச்சுக்கு இது அழகு. கட்டுரையில் ‘யதார்த்தமாக’ என்றால் நடைமுறை நோக்கில் என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே ‘தற்செயலாக’ என்றே எழுதுங்கள்.

அகஸ்மாத் மூன்றிலும் தெளிவானது. ‘கஸ்மாத்’ என்றால் ‘எதனால்?’. ‘அ’ எதிர்மறை. ‘எதனால் என்று கேட்க வழியில்லாதது’ என்பதே சொல்லின் அமைப்பு. பழைய உரைநடையில் நிறைய வரும். இன்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். எழுதினால் பிழையில்லை.

கேள்வி: ‘அசம்பாவிதம் ஏதும் நிகழாமல் இருக்கப் போலீசார் குவிக்கப்பட்டனர்’ என்கிறார்களே. அசம்பாவிதம் என்றால் என்ன?

பதில்: ‘சம்பாவித’ என்றால் நினைத்துப் பார்க்கக்கூடியது, நடக்கலாம் என்று எண்ணப்பட்டது. அதன் மறுப்பு அசம்பாவிதம்: எண்ணிப் பார்க்காதது. வேர் ‘பூ’, அதாவது ஆகுதல், இருத்தல். சம்பவம் அதே வேரில் பிறந்தது. மதிப்புச் செய்து கொடுக்கும் சம்பாவனையும் அதுவே. ஒருவரை உயர்வாக எண்ணுதல் என்பதிலிருந்து வந்த பொருள்.

நீங்கள் எழுதிய வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். கூட்டத்தில் கலவரம் வரலாம் என்று எண்ணித்தான் காவலர்களைக் குவிக்கிறார்கள். எண்ணிப் பார்த்த ஒன்றை ‘எண்ணிப் பார்க்காதது’ என்று பெயரிட்டு அழைக்கிறோம். வழக்கில் இந்தச் சொல் ‘சொல்ல விரும்பாத கெட்டது’ என்பதற்கு ஒரு மூடுதிரையாக ஆகிவிட்டது. கலவரம், கல்வீச்சு, நெரிசல், சாவு எதையும் அந்தத் திரைக்குப் பின்னால் வைக்கலாம். இடக்கரடக்கலாகப் பயன்படும்வரை குற்றமில்லை. நடந்த பிறகும் அதே சொல்லைப் போடுவதுதான் தவறு. பூட்டிய அவசர வழியால் உயிர்கள் போன இடத்தில் ‘அசம்பாவிதம் நிகழ்ந்தது’ என்று எழுதினால், யாராலும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது என்று எழுதுபவரே சான்று கொடுத்ததாகிறது. என்ன நடந்ததோ அதன் பெயரை எழுத வேண்டும்: நெரிசல், தீ, மின்கசிவு, இடிபாடு.

கேள்வி: அப்படியானால் ‘விபத்து’ என்ற சொல்லும் பொறுப்பை மறைக்கிறதா? யாரும் குற்றவாளி இல்லை என்று அது சொல்கிறதா?

பதில்: ஆங்கிலத்தில் இந்தச் சர்ச்சை தீவிரமாக நடந்தது. தவிர்த்திருக்கக்கூடிய காயங்களுக்கு ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல் பொருந்தாது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-ல் அதைத் தன் பக்கங்களிலிருந்து விலக்க முடிவெடுத்தது. கவனக்குறைவு இருப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்த இடங்களில் அந்தச் சொல்லைத் தவிர்க்கச் சொல்லி அசோசியேட்டட் பிரஸ் 2016-ல் தன் நடைக் கையேட்டில் சேர்த்தது. ஆங்கிலச் சொல்லுக்குள் ‘தற்செயல்’ என்ற பொருளும் கலந்திருப்பதால் அவர்களுக்கு இந்தச் சிக்கல்.

தமிழில் இந்த இரண்டும் இரண்டு சொற்கள். விபத்து சொல்வது கேடு விளைந்ததை. தற்செயல் சொல்வது யாரும் எண்ணிச் செய்யவில்லை என்பதை. ‘ஓட்டுநரின் அலட்சியத்தால் விபத்து’ என்பது தமிழில் முரணில்லாத வாக்கியம். ‘ஓட்டுநரின் அலட்சியத்தால் தற்செயல்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆகவே விபத்து என்ற சொல்லைக் கைவிடத் தேவையில்லை. ‘எதிர்பாராத விதமாக’ என்ற ஒட்டை அதன் முன்னால் இயந்திரம்போலச் சேர்ப்பதைத்தான் கைவிட வேண்டும். ‘லாரி எதிர்பாராத விதமாக மோதியது’ என்ற வரி காவல்துறை விசாரணை முடியும் முன்பே தீர்ப்பை எழுதிவிடுகிறது.

சட்டம் இதில் கறாராக இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 18-ஆம் பிரிவு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 80-ஆம் பிரிவு, விபத்தாக நேர்ந்த செயலைக் குற்றத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் செய்த காரியம் சட்டப்படியானதாக இருக்க வேண்டும். செய்த முறையும் கையாண்ட வழியும் சட்டப்படியானவையாக இருக்க வேண்டும். குற்ற எண்ணமோ, குற்றம் விளையும் என்ற அறிவோ இருக்கக் கூடாது. உரிய கவனமும் எச்சரிக்கையும் இருந்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடைக்காது. நாளிதழில் ‘விபத்து’ என்று வந்தது என்பதற்காக நீதிமன்றத்தில் அது இந்தப் பிரிவின்படி விபத்து ஆகிவிடாது.

கேள்வி: விபத்துக்குப் பழந்தமிழில் என்ன சொல்? இன்று தனித்தமிழில் எழுத விரும்பினால்?

பதில்: திருக்குறளில் இடுக்கண், இடும்பை, அல்லல், ஏதம் என்று பல சொற்கள் உண்டு. எல்லாம் துன்பத்தின் பெயர்கள், எதிர்பாராமை அவற்றில் இல்லை. எதிர்பாராமையையும் சேர்த்துச் சொல்லும் இடம் அறிவுடைமை அதிகாரத்தின் 429-ஆம் குறள்:

எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை
அதிர வருவதோர் நோய்.

‘அதிர வருவதோர் நோய்’ என்றால் நடுங்கும்படி வந்து தாக்கும் துன்பம். வரக்கூடியதை முன்னரே எண்ணிக் காத்துக்கொள்பவருக்கு அது இல்லை என்கிறார். விபத்துக்கு இதைவிடச் செறிவான தமிழ் விளக்கம் கிடையாது. அதிர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது: எதிரதாக் காக்காததிலிருந்து.

தனித்தமிழில் எழுதுபவர்கள் ‘நேர்ச்சி’ என்கிறார்கள். நேர் என்ற வினையிலிருந்து பிறந்த நல்ல சொல்லாக்கம். நேர்தல் என்றால் எதிரே வருதல், நிகழ்தல். குறை என்னவென்றால் கேடு என்ற பொருள் அதில் இல்லை. நல்லதும் நேரலாம். சூழலே கெட்ட பொருளைத் தர வேண்டியிருக்கிறது. ‘சாலை நேர்ச்சி’ என்று அடைமொழியோடு எழுதினால் விளங்கும், தனியே நின்றால் தடுமாறும்.

கேள்வி: இலங்கைச் செய்திகளில் ‘அனர்த்தம்’ என்கிறார்கள். நாம் ‘பேரிடர்’ என்கிறோம். இரண்டும் ஒன்றா?

பதில்: ஒன்றுதான். 2004 டிசம்பர் 26-ல் வந்த சுனாமிக்குப் பிறகு இந்தியாவும் இலங்கையும் 2005-ல் தனித்தனியே சட்டம் இயற்றின. இங்கே அது பேரிடர் மேலாண்மை, அங்கே அனர்த்த முகாமைத்துவம். மேலாண்மைக்கு முகாமைத்துவம் என்பதும் இலங்கை வழக்கு.

அனர்த்தம் என்பது அன் + அர்த்தம்: பயனுக்கு எதிரானது, கேடு. தமிழ்நாட்டில் இதே சொல் ‘பொருளைத் திரித்தல்’ என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ‘அர்த்தத்தை அனர்த்தமாக்காதே’ என்கிறோம். எனவே இலங்கைச் செய்தியில் ‘அனர்த்தத்தில் சிக்கியவர்கள்’ என்று படித்தால் தயங்க வேண்டாம். பேரிடர் என்பது பெருமை + இடர். ஈறு கெட்டு முதல் நீண்டு பேரரசு, பேரூர் போல அமைந்தது. ‘இடர்’ரில் இடையின ரகரம். கால் தடுக்கும் ‘இடறு’வில் வல்லின றகரம். ‘இடற்பாடு’ என்று எழுதுவது பிழை, ‘இடர்ப்பாடு’ என்பதே சரி.

கேள்வி: ‘திடீர் சோதனை’யா, ‘திடீர்ச் சோதனை’யா?

பதில்: இரண்டும் சரி. ய, ர, ழ ஈற்றுச் சொற்களின் முன் வல்லினம் வந்தால் அல்வழியில், அதாவது வேற்றுமைப் பொருள் இல்லாத தொடரில், இயல்பாகவும் வரும், மிகுந்தும் வரும் என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. ஒரே கட்டுரையில் ஒன்றையே பின்பற்றுங்கள். திடீர் என்பது பளீர், சுளீர், குபீர், பகீர் போல ஒலிக்குறிப்பு. திடுக்கிடு, திடுமென, திடுதிப்பென ஆகியவற்றின் உறவு.

கேள்வி: அதிர்ஷ்டத்துக்கும் அதிர்ச்சிக்கும் தொடர்பு உண்டா?

பதில்: இல்லை. அதிர்ச்சி தமிழ். நடுங்குதலைக் குறிக்கும் ‘அதிர்’ அதன் வேர். அதிர்ஷ்டம் என்பது அ + த்ருஷ்டம்: காணப்படாதது. கண்ணேறு என்னும் திருஷ்டியும் காண்டலைக் குறிக்கும் அதே வேர். முற்செயல்களின் பயன் கண்ணுக்குத் தெரியாமல் நின்று விளைவைத் தருகிறது என்று நியாயம், வைசேடிகம் என்னும் இந்தியத் தத்துவ மரபினர் சொன்னார்கள். அந்தக் ‘காணாத’ ஒன்றின் பெயர்தான் பின்பு நற்பேறு என்ற பொருளுக்கு வந்தது. மூலத்தில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. கெட்டதைச் சொல்ல ‘துர்’ சேர்த்துத் துரதிர்ஷ்டம் என்றார்கள். ‘துரதிஷ்டம்’ என்று ரகர ஒற்றை விட்டுவிட்டு எழுதுவது பிழை.

கேள்வி: இப்படிச் சொற்களின் பிறப்பை நாங்களே தேடிப் பார்க்க வழி சொல்லுங்கள்.

பதில்: முதலில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. தலைச்சொல்லை அடுத்துக் கோண அடையாளத்துக்குப் பின் மூலச்சொல் குறித்திருந்தால், அதுவே உங்கள் அடுத்த படி. வடமொழி என்று காட்டினால் மோனியர் வில்லியம்சின் 1899 அகராதியில் பாருங்கள். அங்கே முன்னொட்டோடு சேர்ந்த வடிவத்தைத் தேட வேண்டும். வேரை மட்டும் தேடினால் பொருள் பிடிபடாது. தமிழ் வேர் என்று தோன்றினால் பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, 1984-ல் வந்த இரண்டாம் பதிப்பு. அதில் கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு முதலியவற்றின் இனச்சொற்கள் வரிசையாக இருக்கும். இனச்சொற்கள் இருந்தால் வேர் நம்முடையது என்று துணிந்து சொல்லலாம்.

தவறு பெரும்பாலும் நம் எழுத்தால் வரும். தமிழ்ப் ‘ப’ ஒன்று, வடமொழியின் நான்கு ஒலிகளுக்கு இடம் கொடுக்கிறது. சம்பத்து, சம்பவம், சம்பந்தம் மூன்றும் தமிழில் ஒரே மாதிரி தொடங்குகின்றன. மூன்றின் வேர்களும் வேறு: விழுதல், ஆகுதல், கட்டுதல். மூலத்தில் எந்தப் பகரம் என்று பார்க்காமல் இவற்றை ஒரு குடும்பம் ஆக்கிவிடுபவர்கள் உண்டு. ஒலி ஒப்புமையோடு நிறுத்தாமல் மூல எழுத்தையும் பொருள் நகர்ந்த வழியையும் இனச்சொற்களையும் சேர்த்துச் சரிபாருங்கள். மூன்றும் ஒத்துவந்தால் நம்பலாம்.

கேள்வி: ‘விபத்துக்கள்’ என்று எழுதலாமா? ‘விபத்துக்குள் ஆனது’ என்று பிரிக்கலாமா?

பதில்: ‘விபத்துகள்’ என்று எழுதுவதே நல்லது. ‘கள்’ பன்மை விகுதி. குற்றியலுகரச் சொல்லின் பின் அதற்கு ஒற்று மிகத் தேவையில்லை. ‘வாழ்த்துகள்’ போலத்தான். இரண்டாவதைப் பிரித்தால் ‘விபத்துக்கு உள்ளானது’ என்று பிரிக்க வேண்டும். ‘உள்ளாகு’ என்பது ஒரே வினை, ஒன்றுக்கு ஆட்படுதல் என்று பொருள். ‘விபத்துக்குள் ஆனது’ என்றால் விபத்தின் உள்ளே போய் என்னவோ ஆனது என்றாகிவிடும்.